செவலைக்குப் புல்

“மேலக்காட்டுல என் பங்கைப் பிரிச்சுக் குடுங்கப்பா.”

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தாள். பங்கு கேட்ட பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் பொங்கல்படிச் சீர் கிடையாதாம்.

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. அண்ணன் லிங்கேஷ் சிரித்தான். “எதுக்கு? திரும்பவும் புல்லு வளக்கவா?”

ஆமாம், புல்தான். இந்த வீட்டின் முதல் டிகிரி நான், விவசாயப் படிப்பு. போன ஐப்பசி மழைக்கு மேலக்காட்டு நிலத்தில் வரிசையாக அகத்தி நட்டு, இடையில் கொழுக்கட்டைப்புல் விதைத்தேன். தழையும் புல்லும் ஒரே இடத்தில் மாட்டுக்குக் கிடைக்கும். முழங்கால் உயரம் வந்தபோது தென்காசிக்கு அரசு வேலைப் பரீட்சை எழுதப் போனேன். திரும்பி வந்தால் காடு மொட்டை. அப்பாவே டிராக்டர் விட்டு, அகத்தியையும் சேர்த்து உழுதுவிட்டார். நிலத்தில் புல் கிடந்தால் வெள்ளாமை செய்யும் சம்சாரிக்குக் கேவலமாம். இப்போது பங்குனி. வைக்கோலும் தீர்ந்துவிட்டது. கடை வேலைச் சம்பளத்தில் நான் வாங்கிய செவலைப் பசுவை விற்கத் தரகருக்குச் சொல்லிவிட்டார்கள்.

“பொட்டப்புள்ளைக்கு என்னட்டி பங்கு? படிக்க வச்சது பத்தாதா?” என்றார் அப்பா.

“படிக்க வச்சீங்க. படிச்சதச் செஞ்சா உழுது போடுதீங்க.”

“தர முடியாது. போ.”

இந்தப் பதிலுக்குப் பயந்துதான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கேட்டாகிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது. அம்மா எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். ரசம் ஊற்றி நிதானமாகச் சாப்பிட்டேன்.

கை கழுவிவிட்டு அலிமா பீவிக்குப் போன் போட்டேன். புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருப்பவர். தோட்டத்தில் வந்து புல் வளர்க்கச் சொல்லிப் போன வாரமே கூப்பிட்டிருந்தார். சொந்த நிலம் வேண்டும் என்ற வீம்பில் நான்தான் பதில் சொல்லவில்லை.

“செவலையோட வாரேம்மா.”

“வா மக்கா. மரத்துக்கு நடுவுல இப்பமே புல்லு மண்டிக் கெடக்கு, அறுத்துப் போடு. பொறவு ஒம் புல்ல வெத. சாணிய மட்டும் எனக்குத் தந்துரு.”

அடுத்துக் கூப்பிட்ட குட்டியானை மினிலாரிக்காரர் தெருமுனைக்கு வருவதாகச் சொன்னார். தொழுவத்தில் கயிற்றை அவிழ்த்தேன்.

“எங்கட்டி ஓட்டிட்டுப் போற? காலைல தரகன் வருவான்லா!” அப்பா கத்தினார்.

“அண்ணன அவன்கூட ஓட்டி விடுங்க.”

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். செவலை எனக்கு முன்னால் நடந்தது.