அம்மாவுக்குத் தெரிந்த ஒரு பையன்

மைனாவின் அம்மா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு மனநலம் சொல்லிக்கொடுப்பவள். கணக்குக்கு ஒரு வாத்தியார், அறிவியலுக்கு ஒரு வாத்தியார் இருக்கும்போது மனசுக்கு ஒருத்தர் வேண்டாமா என்று கேட்டுக்கொண்டேதான் வகுப்புக்குள் நுழைவாள். கோபம் வந்தால் என்ன செய்வது, பரீட்சை பயத்தை எப்படிச் சமாளிப்பது, தாங்க முடியாத துக்கத்தை யாரிடம் போய்ச் சொல்வது, இதையெல்லாம் அவள் வாயால் கேட்க வேண்டும். கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட நிமிர்ந்து உட்கார்வான். அவள் கெட்டிக்காரி. அதை முதலிலேயே ஒப்புக்கொள்ளாவிட்டால் அவளுக்கு அநியாயம் செய்ததாகிவிடும்.

மைனா அவளுடைய ஒரே மகள். பத்தாம் வகுப்பு. சின்ன வயதில் வாய் ஓயாமல் பேசியதால் வைத்த செல்லப்பெயர், பேச்சு குறைந்த பிறகும் ஒட்டிக்கொண்டது.

ஊரில் உள்ள பள்ளிக்கூடங்களையெல்லாம் சுற்றிவிட்டு அம்மா ஒருவழியாக மைனாவின் பள்ளிக்கூடத்துக்கும் வந்தாள். வருவதற்கு முந்தின நாளே வீட்டில் சட்டம் போட்டாகிவிட்டது.

"அங்க வந்து அம்மான்னு கூப்பிட்டு மானத்த வாங்காத. நான் உனக்கு மிஸ்."

"சரிங்க மிஸ்" என்றாள் மைனா. அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

வகுப்பில் மைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்வது சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். போன வருஷம் இந்தப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தபோது மைனாவுக்கு நாதியில்லை. இந்த வருஷம்தான் சுருட்டை கிடைத்தாள். சுருட்டையோடு அவளுடைய கூட்டமும் கிடைத்தது. கூட்டம் என்றால் கேலி பேசி ஒருத்தி காலை ஒருத்தி வாரிவிடும் கூட்டம். மைனாவின் காலையும் வாரினார்கள். அது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களுக்குத் தெரியாது.

"கால்ல முள்ளு குத்துனா என்ன பண்ணுவீங்க?" என்று ஆரம்பித்தாள் அம்மா.

"எடுப்போம் மிஸ்."

"மனசுல குத்துனா?"

"மூடிட்டு இருப்போம் மிஸ்" என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்போடு பிள்ளைகள் அவள் கைக்குள் வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் பேசினாள், இவர்கள் கேட்டார்கள். மைனாவுக்கு, இது எங்க அம்மா என்று எழுந்து நின்று சொல்லலாம் போல இருந்தது.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் இருக்கான்" என்றாள் அம்மா. "புது ஸ்கூல்ல சேர்ந்தான். சாப்பாட்டு மணி அடிச்சா யார் பக்கத்துல போய் உட்கார்றதுன்னு தெரியல. கொஞ்ச நாள் டிபன் பாக்ஸ கையில வச்சிக்கிட்டு, என்னமோ அவசர வேலை இருக்கற மாதிரி அங்கயும் இங்கயும் நடந்தான். அப்புறம் ஒரு நாள் நேரா பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டான். அங்கயே உட்கார்ந்து சாப்பிட்டான்."

மைனா புத்தகத்தைத் திறந்து வைத்துக் குனிந்துகொண்டாள்.

சீ என்று நாலைந்து பேர் மூக்கைப் பிடித்தார்கள். சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பு எங்கே வரும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அது அடங்கும்வரை பொறுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாக்ஸ கீழ வைக்க மனசு வரல. மடியிலயே வச்சிக்கிட்டான். வெளிய யாராவது வர்ற சத்தம் கேட்டா, வாயில இருக்கறத மெல்லாம அப்படியே வச்சிட்டு உட்கார்ந்திருப்பான். அவங்க போனப்புறம்தான் முழுங்குவான்."

மூக்கைப் பிடித்த கைகள் கீழே இறங்கின.

போன வருஷம் ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் மைனா இதைச் சொன்னாள். அம்மா மடிப்பதை நிறுத்திவிட்டாள். டப்பாவை எங்கே வைத்துக்கொண்டாய், மடியிலா என்று கேட்டாள். வெளியே யாராவது வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டாள். பெற்றவளைத் தவிர வேறு யார் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்பார்கள் என்று நினைத்து, மைனா அவள் மடியில் விழுந்து அழுது தீர்த்தாள். "இது நமக்குள்ளயே இருக்கட்டும். அப்பாவுக்குக்கூட வேணாம்" என்றதும் அம்மாதான். அன்று கேட்ட ஒவ்வொரு கேள்வியும் இன்று பதிலோடு கரும்பலகை முன்னால் நின்றது.

சுருட்டை மெல்லத் திரும்பி மைனாவைப் பார்த்தாள். மிஸ் யாருடைய அம்மா என்பது வகுப்பில் அவளுக்கு மட்டும் தெரியும். போன வருஷம் பழைய கட்டடத்துப் பாத்ரூமில், எப்போதும் சாத்தியே கிடந்த அந்தக் கோடிக் கதவை, உள்ள யாரு என்று கேட்டுத் தட்டியவளே சுருட்டைதான். அதை ஒரு பேய்க்கதையாக மைனாவிடமே சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள். இப்போது ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தாலாவது இல்லை என்று சாதித்திருக்கலாம்.

"இப்ப அந்தப் பையன் எப்படி இருக்கான் மிஸ்?" என்று முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"ஜம்முனு இருக்கான். ஏன்னா, போய் அவங்க அம்மாகிட்ட சொன்னான்."

வகுப்பு கைதட்டியது. சுருட்டையும் தட்டினாள். மைனா கைகளை பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "ஏம்மா அதச் சொன்ன?"

"எத?" என்றாள் அம்மா. நடிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தாள். "அதுவா? பேரச் சொன்னேனா? வயசச் சொன்னேனா? பொண்ணையே பையனாக்கிட்டேன். இதுக்கு மேல என்னத்தடி மறைக்கறது?"

உதாரணம் சொல்லும்போது ஆளை அடையாளம் தெரியாமல் மாற்ற வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் விதி. அம்மா விதியை மீறுகிறவள் அல்ல.

"சுருட்டைக்குத் தெரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சா தெரியட்டுமே. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்லன்னுதான அங்க தொண்டை கிழியக் கத்திட்டு வர்றேன்? எல்லாம் முடிஞ்சதும் ஒரு புள்ள தனியா வந்து எங்கிட்ட நின்னுச்சு. அதுவும் அப்படித்தான் சாப்பிடுதாம். யார்கிட்டயும் சொன்னதில்லையாம். உன்னால ஒரு புள்ள வாயத் திறந்திருக்கு மைனா. சந்தோஷப்பட வேண்டாமா?"

அம்மா புரளி பேசினாள் என்றால் சண்டை போடலாம். நல்லது செய்துவிட்டு வந்து நிற்கிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

"இதுக்கு முன்னாடியும் சொல்லியிருக்கியா?"

"போற எடத்துலல்லாம் சொல்றதுதான். அதுதான் நல்லா எடுபடும்" என்றாள் அம்மா, அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே.

துரோகம் என்றால் ஏதோ பெரிய மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொள்வது என்று நினைத்திருந்தாள் மைனா. அது இப்படிப் பாத்திரம் கழுவிக்கொண்டும் அடுப்பு மூட்டிக்கொண்டும் வீட்டுக்குள்ளேயே நடக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. ஊரெல்லாம் முகம் தெரியாத பிள்ளைகள் அவள் மெல்லாமல் உட்கார்ந்திருந்ததைக் கேட்டு உச்சுக்கொட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் மதியம் சுருட்டையின் கூட்டம் சட்டென்று நகர்ந்து நடுவில் இடம் விட்டது. "வா மைனா, இங்க உட்காரு." ஒருத்தி தன் டப்பாவை இவள் பக்கம் தள்ளினாள். ஒருத்தி தண்ணீர் நீட்டினாள். யாரும் காலை வாரவில்லை. ஜுரத்தில் படுத்திருக்கிறவளிடம் பேசுவது போலக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அம்மாவின் பாடம் நன்றாகத்தான் வேலை செய்தது. அவர்களில் ஒருத்தியாவதற்கு மைனாவுக்கு ஒரு வருஷம் பிடித்தது; ஒரே பாடத்தில் மறுபடியும் பாவப்பட்ட பிள்ளையாகிவிட்டாள்.

வீட்டில் மைனா பேசுவதை நிறுத்திக்கொண்டாள். ஆமாம், இல்லை, சாப்பிட்டாச்சு, அவ்வளவுதான். அப்பாதான் நடுவில் கிடந்து அல்லாடினார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். மிக மெதுவாகப் பேசுவார்.

"உங்கம்மாவுக்கு மனசு கேக்கலடா. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம சுத்திட்டு இருக்கா. கொஞ்சம் பொறுத்துக்க."

மைனா பொறுத்தாள். அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. தப்புப் பண்ணிட்டேன் என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மடியில் பழையபடி போய் விழுவாள். நடுவில் உட்காரவைத்துச் சோறு போடுகிறார்கள் அம்மா, அது பாத்ரூமைவிடக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லி அழுவாள். சொல்வதற்கு அவளுக்கு வேறு ஆள் இல்லை. அம்மா பக்கத்தில் வந்து உட்காரும்போதெல்லாம் மைனா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். அம்மா தலையைத் தடவிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அந்த மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். பேச வந்தது அம்மா. மைனா அப்பாவோடு நடுவரிசையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா மைக்கைக் கையில் எடுத்தாள்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா இருக்காங்க" என்றாள். "அவங்க பொண்ணு நம்பிச் சொன்ன ஒரு ரகசியத்த, நல்லதுன்னு நினைச்சு வெளிய சொல்லிட்டாங்க. அந்தப் பொண்ணு வீட்டுல பேசறதையே விட்டுடுச்சு."

அப்பா மைனாவின் கையைப் பிடித்தார்.

"ஒரு நாள் அந்த அம்மா பொண்ணு பக்கத்துல போய் உட்கார்ந்தாங்க. கையப் பிடிச்சாங்க. நீ என்னை நம்பிச் சொன்னத நான் ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன்மா, தப்பு எம்மேலதான், என்னை மன்னிச்சிடுன்னாங்க. அந்தப் பொண்ணு அப்படியே அம்மாவக் கட்டிப்பிடிச்சுக்கிச்சு. பெத்தவங்க புள்ளைங்ககிட்ட மன்னிப்புக் கேட்டா, குறைஞ்சா போயிடுவோம்?"

மைனா எந்த வார்த்தைகளுக்காகக் காத்திருந்தாளோ அத்தனையும் வந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. மைக்கில் வந்தன, கூடம் முழுவதற்கும் வந்தன. பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா, கேட்டுட்டா" என்றார்.

அப்படியும் மைனாவுக்கு ஆசை விடவில்லை. நேரில் சொல்ல வாய் வராமல் இங்கே சொல்லிப் பார்க்கிறாள் போலிருக்கிறது, வீட்டுக்கு வந்து சொல்வாள் என்று நினைத்தாள். அப்பாவோடு வீடு திரும்பியதும் மைனா உடைகூட மாற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அம்மா களைத்துப்போய், ஆனால் மலர்ந்த முகத்தோடு வந்தாள். தண்ணீர் குடித்தாள். மைனாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"எப்படி இருந்துச்சு? பின்வரிசையில ஒருத்தர் தேம்பித் தேம்பி அழுதுட்டார், பாத்தியா?"

"அந்த அம்மா நெஜமாவே மன்னிப்புக் கேட்டாங்களாம்மா?"

அம்மா அவளைப் பார்த்தாள். ஏதோ ஒன்று உதடுவரை வந்தது; அது வந்ததை மைனா நன்றாகப் பார்த்தாள். பிறகு அம்மா சிரித்துக்கொண்டே காலை நீட்டிக்கொண்டாள்.

"கேக்கறவங்களுக்கு ஒரு முடிவு வேணும்ல. பாதியில விட்டா மனசு ஆறாதுடி."

மைனா தலையை ஆட்டினாள்.

"ஏன் முகம் வாடிப் போச்சு? என்னன்னு சொல்லு. எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"தலைவலிம்மா."

அம்மா பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வெறும் வயிற்றோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததற்குத் திட்டினாள். உள்ளே போய் மாத்திரையும் வெந்நீரும் கொண்டுவந்தாள். மைனாவுக்குத் தலை வலிக்கவில்லை. ஆனாலும் அம்மா பார்த்துக்கொண்டிருக்க, அதை வாங்கி வாயில் போட்டு விழுங்கினாள்.