தாம்போதி பற்றி ஐந்து நிமிடம்

கைப்பிடிச் சுவரில் சாயக்கூடாது என்று பார்வையாளர் கலரிக் காவலாளி சைகையால் சொன்னதும் முனவ்வறா முழங்கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கீழே பாராளுமன்றச் சபை முக்கால்வாசி வெறுமையாகக் கிடந்தது. வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதம் பின்னேரத்துக்கு வந்துவிட்டால் அப்படித்தான் என்று அவளைக் கலரிக்குக் கூட்டிவந்த உத்தியோகத்தர் சொல்லியிருந்தார். வெள்ளை உடுத்த மனிதர்கள் அங்கொருவர் இங்கொருவராகச் சிதறியிருந்தார்கள். ஒருவர் பத்திரிகை படித்தார். ஒருவர் கண்ணை மூடியிருந்தார். அரசாங்கப் பக்கத்தின் கடைசி வரிசையில், தூணோடு ஒட்டிய கதிரையில், அவளுடைய புருஷன் அபுல் ஹஸன் முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, யாருடையவோ வீட்டுக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். மாவடிப்பள்ளி வீட்டிலும் அவர் அப்படித்தான் உட்காருவார். அது அவளுடைய வாப்பா அவளுக்குக் கட்டிக்கொடுத்த வீடு. கல்யாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்த நாளில் எப்படி உட்கார்ந்தாரோ, இருபத்தைந்து வருசத்துக்கு மேலாகியும் அதே இருப்பு.

டாக்டரிடம் கண் காட்டத்தான் கொழும்புக்கு வந்திருந்தாள். “அந்தப் பொத்தகத்த வாசிச்சு வாசிச்சே கண்ணக் கெடுத்துக்கிட்டீங்க உம்மா” என்று மகள் றஹீமா ஏசினாள். அவள் சொன்னது உண்மைதான். சபையில் பேசியதெல்லாம் அச்சாகி ஹன்சாட் என்று தபாலில் வரும். அபுல் ஹஸன் அதைப் பிரிக்காமலே மேசையில் போட்டுவிடுவார். முனவ்வறா பிரிப்பாள். புரியாத சிங்களமும் இங்கிலீசுமாகப் போகும் பக்கங்களைத் தள்ளித் தள்ளி அவருடைய பெயரைத் தேடுவாள். பின்வரிசைக்காரருக்கு அரைப் பக்கம் கிடைக்கும். நல்ல நாளென்றால் ஒரு பக்கம். வரிப்பத்தான்சேனை விவசாயிகளுக்கு உரம் பிந்திப் போனது, மனுக் குழுவில் ஒரு விதவையின் காணி விசயம், இறக்காமத்தில் யானை அடித்த குடிசை. யானை அடித்தபோது அந்தக் குடிசைக்குள் உலை கொதித்துக்கொண்டிருந்தது என்று அவர் பேசியிருந்தார். அந்த உலையை அவர் கண்டிருக்கிறார், கண்டு மனசில் வைத்திருக்கிறார். அந்த வரியை அவள் திரும்பத் திரும்ப வாசித்தாள். வீட்டில் அவர் குடை எங்கே என்று கேட்பார். மழை வரும் போல என்பார். இவ்வளவு பேச்சும் ஒரு மனுசனுக்குள் இருந்திருக்கிறது, அதில் ஒரு பிடி தனக்கு விழவில்லை என்று நினைக்கும்போது, முன்பின் கண்டிராத அந்தச் சபையின் மேல் ஒரு சக்களத்தியின் மேல் வருகிற மாதிரி அவளுக்குப் பொறாமை வந்தது.

அவளுக்கு அவரிடமிருந்து வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

அம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் மூத்தவள் ஹாஜறாவுக்கு மூன்று வயசு. காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டது. றஹீமா பிறந்து நாற்பது கழியாததால் முனவ்வறாவை அறையை விட்டு இறங்க விடவில்லை. வயல்வெளிக்கு நடுவே ரோட்டைத் தாழ்த்திக் கட்டிய தாம்போதிக்கு மேலால் ஆளை இழுக்கிற வெள்ளம். அதைக் கடந்தால்தான் காரைதீவு, அதற்கப்பால் ஆஸ்பத்திரி. அபுல் ஹஸன் பிள்ளையைச் சால்வையில் சுற்றிக்கொண்டு தோணியில் போனார். விளக்கு வைக்கும் முன்பே திரும்பி வந்தார். சால்வை முகத்துக்கு மேலால் மூடியிருந்தது.

“புள்ள என்ன மச்சான் கேட்டா? கடைசியா என்ன சொன்னா?”

அன்றைக்குக் கேட்டாள். நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த பிறகும் கேட்டாள். அவர் எழும்பி வளவுக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததும் கேட்டது போலத்தான் அவர்களுக்கிடையில் கிடந்தது. இன்னொன்றும் அவளிடம் இருந்தது. அதை யாருக்கும் சொல்லவில்லை. பிள்ளையின் வலக்கையில் இருந்த வெள்ளிக் காப்பு மையித்தில் இருக்கவில்லை. இடக்கைக் காப்பு மட்டும் அவளிடம் வந்தது. அடக்குவதற்கு முன் மையித்தைக் குளிப்பாட்டியவள் அடுத்த வளவு உம்மு. இந்த இருபத்திரண்டு வருசமும் கல்யாண வீடுகளில் உம்முவின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எதிரே வந்தால் முனவ்வறாவின் கண் முதலில் அவர்களுடைய மணிக்கட்டுக்குத்தான் போகும். உம்மு கொடுத்தனுப்பும் நோன்புக் கஞ்சியை வாங்கி ஆட்டுக்கு ஊற்றிவிடுவாள்.

கீழே தவிசாளர் பெயரைக் கூப்பிட்டார். அபுல் ஹஸன் எழும்பினார். நெடுஞ்சாலைச் செலவுத் தலைப்பு.

“ஆ, தாம்போதி வந்திட்டு!” என்றார் முன்வரிசையில் ஒருவர். இரண்டு பேர் சிரித்தார்கள். ஊரிலும் அதே பகிடிதான். கொழும்புக்குப் புறப்பட்ட அன்று தேத்தண்ணிக் கடை அச்சிமுகம்மது, “என்ன எம்பி, இந்த முறையும் நம்மட தாம்போதியக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டிப்போட்டுப் பத்திரமாத் திருப்பிக் கொண்டரப் போறீங்களா?” என்று ரோட்டுக்கே வந்து கேட்டிருந்தான்.

“கௌரவ தவிசாளர் அவர்களே” என்று தொடங்கினார். முனவ்வறா அறியாத ஒரு குரல். உரத்ததல்ல, ஆனால் நடுங்காதது. போன வருசச் சூறாவளியில் தாம்போதியின் ஓரக்கற்கள் போனதைச் சொன்னார். பாலம் கட்ட மதிப்பீடு போட்டதையும், அது ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்குப் போனதையும் சொன்னார். பிறகு கையில் இருந்த தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“இதை நான் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். இன்று வேறு விதமாகச் சொல்லப் பார்க்கிறேன். ஒரு பெரு வெள்ளத்தில் ஒரு தகப்பன் சுகமில்லாத பிள்ளையைத் தோணியில் கொண்டுபோனான். பிள்ளைக்கு வெளி எல்லாம் தண்ணீராகக் கண்டது சந்தோசமாக இருந்தது. காய்ச்சல் கொஞ்சம் விட்டது போலவும் இருந்தது. கையைத் தண்ணீருக்குள் விட்டு அளைந்தது. தகப்பன் தடுக்கவில்லை. நடு வெள்ளத்தில் அந்தப் பிள்ளை தகப்பனைப் பார்த்து ஒரு விசயம் கேட்டது. அது என்னவென்றால்...”

மணி அடித்தது.

“கௌரவ உறுப்பினர் அவர்களே, உங்களுக்கு ஒதுக்கிய நேரம் முடிவடைந்துவிட்டது.”

இன்னும் ஒரு நிமிடம் என்று கேட்டால் கொடுப்பார்கள். அவர் கேட்கவில்லை. “நன்றி” என்று சொல்லி, கதிரையைப் பின்னால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். முனவ்வறா எழும்பி நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழும்பினாள் என்று அவளுக்குத் தெரியாது. காவலாளி ஓடி வந்து, “உட்காருங்கம்மா” என்று தாழ்ந்த குரலில் சொன்னான். வேறொருவர் வேறொரு ரோட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்.

மறுநாள் காலையில் அவர்கள் தங்கியிருந்த அறைக்கு அந்தப் பேச்சின் தட்டெழுத்துப் பிரதி வந்தது. பிழை இருந்தால் உறுப்பினர் திருத்தி அனுப்பலாம். அபுல் ஹஸன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஊரின் பெயரில் விட்டுப்போன ஒரு எழுத்தைச் சேர்த்தார். முனவ்வறா பின்னால் வந்து நின்றாள். கடைசி வரி ஒரு கோட்டோடு நின்றிருந்தது.

“அந்தக் கோட்டுக்குப் பொறகு என்ன மச்சான்?”

“மணி அடிச்சிட்டான் புள்ள.”

“அதுக்குப் பொறகு இருக்கிறத எழுதுங்களன்.”

“அங்கெ கதைக்காதத எழுதப்படாது. அது சட்டம்.”

“அப்ப நம்மட வீட்டிலயும் ஆரும் மணி அடிச்சவங்களா?”

அவர் பேனையின் மூடியைத் திருகினார். அது முன்பே இறுகித்தான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கொழும்பின் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. முனவ்வறா பெட்டியை அடுக்கத் தொடங்கினாள். இனித் தபாலில் வரும் புத்தகத்தைப் பிரிக்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தபோது, கண்ணை விடப் பெரிதாக எதுவோ மங்கிப்போனது போல இருந்தது.

ரயிலை விட்டு இறங்கி, வாடகை வான் வண்டியில் கல்முனையைத் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. காரைதீவுப் பக்கம் வண்டி அதற்கு மேல் போக முடியாமல் நின்றுவிட்டது. தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வயல் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரே வெளி. கரையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தோணிக்காரர் செல்லத்தம்பி நின்றார். அம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்திலும் தோணி விட்டவர் அவர்தான், இப்போது தலை நரைத்திருந்தது.

“என்ன போடியார், மினிஸ்டர்மார் பாலத்தைத் தந்தனுப்பல்லையோ?”

“குறிச்செடுத்திரிக்காங்க செல்லத்தம்பி.”

“ஓம் ஓம். குறிச்சது எல்லாத்தையும் அடுக்கினாலே அதில ஏறி நடந்து போயிரலாம். ஏறுங்க. அம்மா, பார்த்து, பலகை வழுக்கும்.”

தோணி கரையை விட்டது. மழை ஓய்ந்து தூறலாயிற்று. செல்லத்தம்பி மரக்கோலை ஊன்றுவதும் எடுப்பதுமான சத்தம் மட்டும் கேட்டது. அபுல் ஹஸன் கழுத்திலிருந்த சால்வையை எடுத்தார். நனையாமல் வைக்கப் பார்க்கிறார் என்று முனவ்வறா நினைத்தாள். அவர் அதை மடியில் விரித்து, இரண்டு கைகளையும் அதன் கீழ் கொடுத்து, ஒரு பாரத்தை ஏந்துவது போல வைத்துக்கொண்டார். செல்லத்தம்பி அதைப் பார்த்தார். கோலை ஊன்றாமல் நிறுத்தினார். தோணி தன்பாட்டில் மெதுவாகத் திரும்பியது.

“இஞ்செதான்” என்றார் அபுல் ஹஸன்.

முனவ்வறா மூச்சைக் கூடச் சத்தமில்லாமல் விட்டாள்.

“தண்ணிய அளைஞ்சிக்கிட்டு வந்தா. காய்ச்சல்ல கை மெலிஞ்சிரிந்திச்சு. காப்புக் கழண்டு விழுந்திட்டு.” அவர் வெள்ளத்தைப் பார்த்தபடி சொன்னார். “பயந்திட்டா. வாப்பா, உம்மாக்கிட்டச் சொல்லாதீங்க எண்டு கேட்டா.”

எங்கேயோ ஒரு கொக்கு கத்தியது.

“நான் ஓம் எண்டன்.”

கரையில் மாவடிப்பள்ளியின் தென்னைகள் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே யாருடையவோ அடுப்புப் புகை மழைக்குள் எழும்ப முடியாமல் கிடந்தது. உம்முவின் வளவாக இருக்கலாம். முனவ்வறா முந்தானையை ஒதுக்கி, தோணியின் விளிம்புக்கு மேலால் வலக்கையை நீட்டி, காப்புகளோடு மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் விட்டாள். தண்ணீர் அவள் நினைத்ததை விடச் சூடாக இருந்தது. விரல்களை அகல விரித்தாள். செல்லத்தம்பி கோலை ஊன்றவில்லை. அதன் நுனியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டேயிருந்தது.