மாரிக்கும் இருட்டுக்கும் ஒரு சைக்கிள்

றெனால்ட் கழுதையில் மோதி விழுந்தது இரண்டாயிரத்துப் பதினொன்று கார்த்திகையில், மாரி மழை தொடங்கிய முதல் கிழமை. மன்னார்க் கழுதைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பொழுதுபட்டதும் தார் வீதியின் இளஞ்சூட்டைத் தேடி வந்து நடுவில் படுத்துக்கொள்ளும். ஹோர்ன் அடித்தாலும் எழும்பாது. அன்றைக்கு வங்காலைக்குப் போகும் வீதியில் படுத்திருந்ததை அவர் காணவேயில்லை. முன்சில்லு அதன் முதுகில் ஏறியது. அவர் சைக்கிள் ஹாண்டிலுக்கு மேலால் பறந்துபோய்ச் சேற்றில் விழுந்தார். கழுதை ஆறுதலாக எழும்பி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடந்து போனது.

கை மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதைவிட அவருக்குக் கவலை, முதுகுப் பைக்குள் இருந்த கண்ணாடிக் குழாய்கள் நொறுங்கியதுதான்.

அந்தக் குழாய்களால்தான் அவர் நுளம்பு பிடிப்பார். மன்னார்த் தீவின் கரையூரான தாழ்வுபாட்டில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, கடலுக்குப் போகாமல் மலேரியாத் தடுப்பு வேலைக்குப் போன ஒரே ஆள் றெனால்ட். வயது நாற்பத்திரண்டு. பகலில் கந்தோர் மேசையில் இருந்து, காய்ச்சல்காரரிடம் எடுத்துக் கண்ணாடித் தட்டில் தடவிய இரத்தப் படலங்களைப் பதிந்து அனுப்பவேண்டும். கிழமைக்கு இரண்டு இரவு, ஏதாவது ஒரு குடியிருப்புக்குப் போய், வலைக்கூட்டுக்குள் கன்றுக்குட்டி ஒன்றைக் கட்டி, அதைக் குத்த வரும் நுளம்புகளைக் குழாயால் உறிஞ்சிப் பிடித்து, எந்தச் சாதி, எத்தனை என்று எழுதவேண்டும். இந்த மாரிக்கு அவருக்கு விழுந்த இடம் முள்ளியடி. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பிய பதினேழு குடும்பங்கள் அங்கே தகரக் கொட்டில் போட்டிருந்தன. வங்காலை தாண்டி, தார் வீதியை விட்டு இறங்கி, நாலு கிலோமீற்றர் களிமண் தரவை, மரமில்லாத வெட்டவெளி. போன மாரியில் அந்தத் தரவையில் புதைந்த அவருடைய மோட்டார் சைக்கிளை உழவு இயந்திரம்தான் இழுத்து எடுத்தது.

அதனால்தான் கந்தோரின் பின்பக்கம் சும்மா நின்ற சைக்கிளை அவர் கேட்டு வாங்கினார். கண்ணிவெடி அகற்ற வந்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன மலைச் சைக்கிள் அது. தடித்த ரயர், இருபத்தொரு கியர், முன்சில்லைப் பிடிக்கும் கவடு அமுங்கி எழும்பும். “மன்னாரிலை மலை எங்கை கிடக்கு?” என்று கந்தோரில் எல்லாரும் சிரித்தார்கள். றெனால்ட் சிரிக்கவில்லை. மலைக்கென்று செய்த ஒன்று தரவையில் என்ன செய்யும் என்று அறிய அவருக்கு ஆசையாக இருந்தது.

அதிலிருந்து விழுந்த மறுநாள் அதை உருட்டிக்கொண்டு மன்னார் பட்டினத்துக்கு, ஹலீம் நானாவின் சைக்கிள் கடைக்குப் போனார். ஹலீம் தொண்ணூறில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, இருபது வருசம் புத்தளத்தில் இருந்துவிட்டுப் போன வருசம்தான் திரும்பியவர். பழைய கடை இருந்த இடத்தில் நாலு தடி நட்டுத் தகரம் போட்டுத் தொழிலைத் தொடங்கியிருந்தார்.

ஹலீம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைச் சுற்றிவிட்டுப் பார்த்தார்.

“டைனமோ ஆர் பூட்டினது?”

“நான்தான், நானா. மழை தொடங்கினதும் வெளிச்சம் விட்டு விட்டு எரிஞ்சது. பிறகு நிண்டுபோச்சு.”

“நிக்கத்தானே செய்யும். இந்த ரயரிலை கட்டி கட்டியா பல்லு கிடக்கு. டைனமோவின்டை உருளை அதிலை துள்ளும். நனைஞ்சா வழுக்கும். நீங்க சேத்திலை மெதுவா மிதிக்கிற நேரம்தான் வெளிச்சம் கூட வேணும்; அந்த நேரம் பாத்து இது மங்கும்.”

அவர் டைனமோவைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டார். பிறகு இருவரும் அந்தச் சைக்கிளோடு பின்நேரம் முழுக்க மினக்கெட்டார்கள். ரயரை மாற்றுவதா என்று முதலில் யோசித்தார்கள். மெல்லிய ரயர் தார் வீதியில் ஓடும், களியில் கத்தி மாதிரி இறங்கும். தடித்ததே இருக்கட்டும், தரவை தொடங்கும் இடத்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் பரந்து மிதக்கும் என்றார் ஹலீம். கைப்பம்பு ஒன்றைச் சட்டத்தில் கட்டிவிட்டார். மட்காட் வேறு பிரச்சினை. வழமையான தகர மட்காட் போட்டால் களி அதற்கும் ரயருக்கும் நடுவில் இறுகிச் சில்லே சுற்றாது. ஹலீம் ஒரு பழைய பிளாஸ்ரிக் எண்ணெய்க் கானை வெட்டி, ரயரிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கவட்டின் கழுத்தில் கட்டினார். பார்க்க வடிவில்லை. ஆனால் சேறு முகத்துக்கு வராது.

வெளிச்சத்துக்கு இரண்டு சாமான் எடுத்துக் காட்டினார். ஒன்று ஹாண்டிலில் பூட்டும் பற்றரி லைற். மற்றது இரவில் நண்டு பிடிக்கப் போகிறவர்கள் நெற்றியில் கட்டும் லைற்.

“எது நல்லது நானா?”

“எனக்குச் சொல்லத் தெரியாது. ரெண்டையும் கொண்டு போய்ப் பாத்திட்டு வாங்கோ. வேண்டாததைத் திருப்பித் தாங்கோ.” கடையை விட்டு இறங்கும்போது வெள்ளி நிறத்தில் மினுங்கும் ஒட்டுப்பட்டி ஒன்றையும் தந்தார். “பின்னாலை வாறவனுக்கு நீங்க தெரியவேணும். அதையும் மறக்காதேங்கோ.”

வீட்டில் பெற்றிசியா, அவருடைய மனைவி, பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் மேசையில் வைத்த லைற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்த்தாள்.

“இனி இரவிலை போகவேண்டாம் எண்டு சொன்னா கேக்கமாட்டியள்.”

“நுளம்பு பகலிலை வராதே.”

“அப்ப வாங்கோ. எது நல்லம் எண்டு பாப்பம்.”

கடற்கரைப் பக்கம் போகும் மணல் ஒழுங்கையில் அன்றிரவு ஒரு வெளிச்சமும் இல்லை. பெற்றிசியா ஒட்டுப்பட்டியில் ஒரு துண்டு வெட்டித் தன் தோளில் ஒட்டிக்கொண்டு அறுபது அடி தள்ளிப் போய் நின்றாள். “நான்தான் கழுதை. தெரியிறனோ?” என்று அங்கிருந்து கேட்டாள்.

ஹாண்டில் லைற்றில் அவள் மங்கலான ஓர் உருவமாகத் தெரிந்தாள். தோளில் ஏதோ வெளிறிய கோடு. நெற்றி லைற்றைப் போட்டதும் அந்தக் கோடு வெள்ளையாகப் பற்றி எரிந்தது. றெனால்ட் திகைத்துப்போனார். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டார். நெற்றி லைற்தான் பலம் குறைந்தது. அப்படியிருக்க ஏன் இப்படி?

பெற்றிசியா வந்து, அவரை அவள் நின்ற இடத்துக்கு அனுப்பிவிட்டு, தானும் பார்த்தாள். பிறகு நெற்றி லைற்றைக் கழற்றிக் கையில் பிடித்தாள். காதுக்குப் பக்கத்தில் வைத்தாள், மினுங்கியது. நெஞ்சுக்கு இறக்கினாள், மங்கியது. இடுப்புக்கு இறக்கினாள், இன்னும் மங்கியது. மீண்டும் காதுக்கு உயர்த்தினாள்.

“இஞ்சேருங்கோ, வெளிச்சம் எங்கையிருந்து போகுதோ அங்கைதான் திரும்பி வருது. கண்ணுக்குப் பக்கத்திலை இருந்து போனாத்தான் கண்ணுக்குத் திரும்பி வரும். மற்றது உங்கடை நெஞ்சுக்கல்லோ வருது.”

“கழுதையின்டை கண்ணும் அப்பிடித்தான் மினுங்குமோ?”

“அதை நீங்கள்தான் கழுதையட்டைக் கேக்கவேணும்.”

கேட்கப் போனார்கள். ஒழுங்கை முடிவில் ஆறேழு கழுதைகள் நின்றன. நெற்றி லைற் திரும்பியதும் அத்தனை கண்களும் பச்சையாக எரிந்தன. ஹாண்டில் லைற்றில் அதில் பாதிகூட இல்லை.

அப்படியானால் நெற்றி லைற் போதும் என்று முடிவெடுத்திருப்பார்கள். ஆனால் திரும்பி வரும்போது மழை பிடித்தது. நெற்றி லைற் கண்ணுக்கு முன்னால் விழும் ஒவ்வொரு துளியையும் வெள்ளைக் கயிறாக்கியது, நிலமே தெரியவில்லை. ஹாண்டில் லைற் தாழ இருந்ததால் மழைக்குக் கீழால் ஓடி, மணலில் இருந்த பள்ளங்களை நிழலோடு எடுத்துக் காட்டியது. இருவரும் நனைந்தபடி நின்று அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். இரண்டும் வேண்டும் என்பது அப்போதுதான் முடிவானது.

மழைக்கோட்டைப் பெற்றிசியாவே தைத்தாள். ஹாண்டில் வரை மூடும் பெரிய பொலித்தீன் போர்வை. கீழே திறந்திருந்தால் வேர்க்காது. முதல் தரம் அதைப் போட்டுக்கொண்டு, மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கும் பாலத்தில் ஏறியபோது வாடைக்காற்று அதைத் தோணிப் பாயாகத் தூக்கி, அவரைச் சைக்கிளோடு ஓரத்துக்குத் தள்ளியது. அவள் அதன் முன் விளிம்பில் பெருவிரல் நுழையும் வளையம் இரண்டும், இடுப்பில் நாடா ஒன்றும் வைத்துத் தந்தாள். கையுறைக்கு மீன் வெட்டும் றப்பர் உறையைப் பார்த்தார்கள். உள்ளே வேர்வை ஊறி விரல் இன்னும் குளிர்ந்தது. கம்பளிக் காலுறையின் நுனியை வெட்டிக் கையில் மாட்டியதுதான் சரிவந்தது.

பாலத்தடிக் காவலரணில் ஆமிக்காரர் முதல் நாள் அவரை மறித்து, நெற்றி லைற்றை அணைக்கச் சொல்லிப் பைக்குள் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தார்கள். நுளம்பு என்பதைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாமல் அவர் விரலால் கையில் குத்திக் காட்டி ‘ஙீ’ என்றார். அதற்குப் பிறகு அவர் அங்கே ‘மதுரு மாத்தயா’. நுளம்பு ஐயா. அவர் தூரத்திலேயே லைற்றை அணைப்பார், அவர்கள் கை காட்டுவார்கள்.

மார்கழி நடுவில் ஓர் இரவு, தார் வீதியிலிருந்து இறங்கி ரயரின் காற்றைக் குறைத்துக்கொண்டிருந்தபோது பெருமழை பிடித்தது. தரவை முழுக்க வெள்ளம் படர்ந்திருந்தது. ஹாண்டில் லைற்றை மட்டும் போட்டுக்கொண்டு, உழவு இயந்திரத் தடத்தை விடாமல் மெதுவாக மிதித்தார். இரண்டரைக் கிலோமீற்றரில் மழை விட்டது. நெற்றி லைற்றைப் போட்டுச் சுற்றிவரப் பார்த்தார்.

வலப்பக்கம், தடத்தை விட்டு வெகுதூரத்தில், இரண்டு மினுக்கங்கள். பச்சை இல்லை, மஞ்சள். றெனால்ட் நின்றார். ஒன்று மேலேயும் மற்றது கீழேயுமாக இருந்தன. எந்த மிருகத்துக்குக் கண் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும்? தலையைத் திருப்பினார், மறைந்தன. மீண்டும் பார்த்தார், அதே இடத்தில், அசையாமல் இருந்தன. நேரம் போய்க்கொண்டிருந்தது, கன்றுக்குட்டி காத்திருக்கும். ஆனாலும் என்னவென்று தெரியாமல் போக அவருக்கு மனம் வரவில்லை. சைக்கிளைத் தடத்தில் நிறுத்தி, ஹாண்டில் லைற்றை எரியவிட்டு, முழங்கால் தண்ணீரில் நடந்தார்.

அது ஒரு சைக்கிளின் மிதிகட்டைகள். மீள்குடியேறியவர்களுக்குக் கொடுத்த புதுச் சைக்கிள். மிதிகட்டையில் மஞ்சள் மினுங்கி பதித்தது. ஒரு வரம்பின் மேல், சில்லுகள் களியில் கொஞ்சம் புதைந்து நிமிர்ந்தபடி நின்றது. அதன் அடியில், அந்த வரம்பில் முதுகைச் சாய்த்து ஒருவன் உட்கார்ந்திருந்தான். பற்கள் அடித்துக்கொண்டன.

“ஆர்?”

“கஜீபன்... முள்ளியடி. குளிருது அண்ணை.”

அவனை றெனால்டுக்குத் தெரியும். அந்தக் குடியிருப்பில் இருக்கும் அருள்நாயகி என்பவளின் புருசன், மண்டபம் முகாமிலிருந்து வந்து எட்டு மாதம். ஐந்து நாளாய் ஒன்றுவிட்டொருநாள் காய்ச்சலும் நடுக்கமும். பின்நேரம் காய்ச்சல் விட்ட இடைவெளியில் தனியாக ஆசுபத்திரிக்கு வெளிக்கிட்டிருக்கிறான். வெள்ளத்தில் தடம் பிழைத்து, இருட்டி, நடுக்கம் திரும்பவும் பிடித்துவிட்டது. நெற்றியில் கை வைத்தபோது கொதித்தது.

றெனால்ட் தன் போர்வையைக் கழற்றி அவனைச் சுற்றினார். தடத்துக்குத் தாங்கிக் கொண்டுவந்து, மலைச் சைக்கிளின் சீற்றில் ஏற்றி, ஒரு கையால் அவனையும் மறு கையால் ஹாண்டிலையும் பிடித்துத் தள்ளினார். காற்றிறங்கிய ரயர் இரண்டும் புதையவில்லை. ஒன்றரைக் கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. கஜீபன் இடையில் ஒரு தரம்தான் பேசினான்.

“உங்கடை வெளிச்சம் போறதைக் கண்டனான் அண்ணை. கூப்பிடச் சத்தம் வரேல்லை.”

கொட்டில் வாசலில் அருள்நாயகி அவனைக் கண்டு அப்படியே நின்றாள். “ஆசுபத்திரியிலை வாட்டிலை மறிச்சுப்போட்டினம் எண்டல்லோ இருந்தனான்.” பிறகு ஓடிப்போய் அடுப்பை மூட்டினாள். அவளுடைய பிள்ளைகள் இரண்டும் எழும்பி வந்து, “கொசு மாமா வந்திருக்கார்” என்றன. பிறந்து வளர்ந்த முகாமில் அவர்கள் நுளம்பைக் கொசு என்றே சொல்லிப் பழகியிருந்தார்கள்.

றெனால்ட் கஜீபனின் விரலைக் குத்தி இரத்தப் படலம் எடுத்தார். அன்று நுளம்பு பிடிக்கவில்லை. விடிந்ததும் உழவு இயந்திரப் பெட்டியில் அவனைப் படுக்கவைத்து ஆசுபத்திரிக்கு அனுப்பினார்கள். றெனால்ட் இரத்தப் படலத்தோடு பின்னால் மிதித்துப் போனார். மத்தியானம் முடிவு வந்தது. மலேரியாதான். ஈரலுக்குள் மாதக்கணக்காய் ஒளிந்திருந்து எழும்புகிற வகை; அவன் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கொண்டு வந்திருக்கவேண்டும். பதினாலு நாள் மருந்து கொடுத்தார்கள். முள்ளியடியில் இருந்த அத்தனை பேருக்கும் இரத்தம் பார்த்தார்கள். வேறு ஒருவருக்கும் இல்லை. வீடு வீடாக மருந்தடித்து, வலையும் கொடுத்தார்கள். கஜீபன் தைப்பொங்கலுக்கு முதலே வேலைக்குப் போய்விட்டான்.

மாசியில் மழை ஓய்ந்து தரவை காய்ந்தது. ஓர் இரவு முள்ளியடியிலிருந்து வந்த றெனால்ட் சாப்பிட உட்காராமல் பெற்றிசியாவைக் கூப்பிட்டார்.

“வாற வழியிலை புல்லுக்குள்ளை பச்சைப் பொட்டுப் பொட்டா மினுங்கிச்சுது. ஆயிரக்கணக்கிலை. பனித்துளி எண்டு நினைச்சன். கிட்டப் போனா ஒண்டு ஓடுது.”

“என்னது?”

“சிலந்தி. இத்தினூண்டு. அதின்டை கண். ஒண்டு முதுகு நிறையக் குஞ்சு காவிக்கொண்டு நிண்டது.”

“சிலந்திக்கு அவ்வளவு கண் மினுங்குமே? சும்மா சொல்லாதேங்கோ.”

“இஞ்சையும் நிக்கும். நான் முந்தி இப்பிடிப் பாக்கேல்லை.”

பெற்றிசியா தைத்துக்கொண்டிருந்த சட்டையை மெசினிலேயே விட்டாள். அவருடைய நெற்றியிலிருந்து லைற்றைக் கழற்றித் தன் நெற்றியில் கட்டி, வாரைக் கொஞ்சம் இறுக்கினாள். சைக்கிளின் சீற் அவளுக்கு உயரம். அவர் அதை இறக்கிக் கொடுத்தார். கியரை எப்படி மாற்றுவது என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டு, கடற்கரைப் பக்கத்துப் புல்வெளியை நோக்கி மிதித்தாள். றெனால்ட் பின்னால் நடந்தார். கொஞ்சத் தூரத்தில் அந்த வெளிச்சம் நின்றது. பிறகு நிலத்தை நோக்கிக் குனிந்தது.

“எத்தினை கண் இதுக்கு?” என்று இருட்டுக்குள்ளிருந்து கேட்டாள்.

“எட்டு,” என்றார் அவர்.

“பொறுங்கோ. நான் எண்ணிப் பாக்கிறன்.”