அத்தைக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை

மருமகளோட ஆராய்ச்சிப் புத்தகம் இன்னைக்கு அச்சுக்குப் போகுது. நன்றிப் பக்கத்துல அவ புரொபசரை 'அவங்குலர்'னு எழுதியிருந்தா. மாமா மாதிரி பாசக்காரர்னு அர்த்தமாம். அவளைத் தூக்கி வளர்த்த, அப்பாகூடப் பொறந்த அத்தைக்குக் குறுகுறுன்னு ஆயிடுச்சு.

"மாமாவுக்கு ஒண்ணுன்னா அத்தைக்கும் இருக்கணுமேடி. தேடு!"

தேடினதுல 'மட்டர்டரல்' கெடச்சுது.

"என்னடி, பைக் பார்ட்ஸ் பேரு மாதிரி இருக்கு?"

"அவங்குலர் பேப்பர்லகூட வரும் அத்தை. இது டிக்‌ஷனரியிலயே தூங்குது."

"எழுப்பிப் போடு!"

"ஆனா இது அம்மாகூடப் பொறந்தவங்களுக்காம்."

அத்தை முகம் சுண்டிப்போச்சு. "எட்டிக்கூடப் பாக்காத உன் சித்திக்கா?"

மருமக சிரிச்சுக்கிட்டே அதை அழிச்சா. இங்கிலீஷ் வரிக்கு நடுவுல தமிழ்லயே 'அத்தை'ன்னு அடிச்சா.

"படிக்கறவங்களுக்குப் புரியாதேடி?"

"தேடட்டும், நாம தேடலையா!"