பரிசோதனைக்கு வராதவன்

ரௌனி கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இப்பத்தான் புருஷனை மண்ணுல வச்சிட்டு வந்திருக்கா, அதுக்குள்ள ரொட்டி அறுக்க வந்து நிக்கிறா. போய் உட்காரு சைமி. நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?"

"சும்மா உட்கார முடியலக்கா."

"முடியலேன்னாலும் உட்காரு. போ."

சைமி போகவில்லை. ஊர் மன்றத்துச் சமையலறையின் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். கல்லறையில் நின்ற குளிர் இன்னும் பாதத்தை விட்டுப் போகவில்லை. மார்ச் மாதத்திலும் மண் பனியில் உறைந்து கல்லாக இறுகிக் கிடந்தது. ஆண்கள் ஒரு பகல் முழுக்கத் தீ மூட்டி வைத்து மண்ணை இளக்கித்தான் குழி வெட்டினார்கள். வேறு யாராவது செத்திருந்தால் அவள் புருஷன் ஆர்மாஸ்தான் முதல் ஆளாகக் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான். ஹாபலாக்தி ஊரில் எந்தச் சாவுக்கும் அவன் அப்படித்தான் போவான்.

மேசையில் வெண்ணெய் வைப்பதா வேண்டாமா என்று பெண்களுக்குள் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. இருதயத் திட்டம் வந்த நாளிலிருந்து மன்றத்தில் வெண்ணெய் கிடையாது. பெண்கள் சங்கம் போட்ட சட்டம் அது.

"துக்கத்துக்கு வந்தவங்களுக்கும் வெறும் ரொட்டியா? நல்லா இருக்கே!"

"நர்ஸம்மா வருவாங்கடி."

"வரட்டுமே. ஆர்மாஸுக்கு வெண்ணெய்னா உசிரு."

எல்லோரும் சைமியைப் பார்த்தார்கள். சங்கத் தலைவியும் அவள்தானே.

"அவன் விட்டுட்டான்," என்றாள் சைமி. "நெசமாவே விட்டுட்டான். ஒருத்தரும் நம்பலை."

ரௌனி ரொட்டியை அறுக்கத் தொடங்கினாள்.

அந்த வட்டாரத்தில் ஆண்கள் ஐம்பதைத் தாண்டுவதே பெரிய காரியமாக இருந்த காலம் அது. மரம் வெட்டப் போன இடத்தில் ஒருவன், வலை இழுக்கும்போது ஒருவன் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்கள். ஆர்மாஸின் அப்பாவும் அப்படிப் போனவர்தான். பட்டணத்திலிருந்து டாக்டர்கள் வந்தார்கள். மருந்து மட்டும் போதாது, ஊரே கைகோத்தால்தான் இது நிற்கும் என்றார்கள். ஊரும் கைகோத்தது, குறை சொல்ல முடியாது. கடைக்காரர் வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய்ப் புட்டிகளை முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்துச் சமையல்காரி உப்பைக் குறைத்துப் பிள்ளைகளிடம் ஏச்சு வாங்கினாள். கறிக்கடைக்காரர் சாசேஜில் கொழுப்பைக் குறைத்துக் காளானை அரைத்துச் சேர்த்தார். கறவை மாட்டை நம்பிப் பிழைக்கிற ஊர் தன் வெண்ணெயைத் தானே ஒதுக்கி வைப்பதென்றால் சும்மாவா? சைமி வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசினாள். சிலர் முகத்துக்கு நேராகவே கதவைச் சாத்தினார்கள். மறுநாளும் போனாள்.

அப்புறம்தான் போட்டி வந்தது. ஹாபலாக்திக்கும் ஏரிக்கு அக்கரையிலிருக்கும் கிவிமாக்கிக்கும். எந்த ஊர்க்காரர்களின் இரத்தத்தில் கொழுப்பு அதிகம் குறைகிறதோ அந்த ஊருக்குப் பரிசு. கிவிமாக்கிக்காரனிடம் தோற்பதற்கு உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிற ஜனங்கள் இவர்கள். முதல் வருஷம் மயிரிழையில் தோற்றார்கள். முடிவு சொல்ல வந்த நாளில் நர்ஸ் ஹெல்வி ஆர்மாஸின் கொழுப்புக் கணக்கைப் பார்த்து எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டாள்.

"என்னங்க ஆர்மாஸ், யாருக்கும் தெரியாம வெண்ணெய்ப் பானைக்குள்ள தலையை விடுறீங்களா?"

சின்னப் பெண், விளையாட்டாகச் சொன்னாள். மன்றமே சிரித்தது. ஆர்மாஸும் சிரித்தான். வீட்டுக்கு வந்ததும் தொழுவத்துக்குள் போனவன் நெடுநேரம் வெளியே வரவில்லை. காய்ந்த ரொட்டியை அவன் முகம் சுளித்து மெல்லுவதைத் தினமும் பார்த்தவள் சைமி. அப்பன் வழியில் வந்த இரத்தம், ரொட்டி என்ன செய்யும்? ஆனால் அன்றைக்கு மன்றத்தில் அவள் எழுந்து அதைச் சொல்லவில்லை.

மறு வருஷம் பரிசோதனைக்கு முந்தின நாள் வில்யோ வந்தார். ஆர்மாஸின் அண்ணன், ரௌனியின் கணவர், ஊர்க்குழுத் தலைவர். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காத. நாளைக்கு நீ வலை போடப் போயிட்டா நல்லா இருக்கும்."

ஆர்மாஸ் அண்ணனை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு, "மீனும் கிடைச்ச மாதிரி ஆச்சு, ஊரும் ஜெயிச்ச மாதிரி ஆச்சு," என்று சிரித்தான்.

அடுப்படியில் நின்ற சைமி வாயைத் திறக்கவில்லை. அவளுக்கும் ஜெயிக்க ஆசை, வெட்கத்தை விட்டுச் சொன்னால். காலையில் பிளாஸ்கில் காபி ஊற்றிக் கொடுத்துப் படகுத்துறை வரை கூடப் போனாள். மன்றத்துச் சன்னலிலிருந்து பார்த்தாலே ஏரியில் அவன் படகு தெரிந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். தலைகுனிந்து ஊசி குத்திக்கொண்டிருந்த ஹெல்வி மட்டும் பார்க்கவில்லை.

ஊர் ஜெயித்தது. வானொலியில் பேர் சொன்னார்கள். பரிசாக வந்த பெரிய காபிப் பானையை மன்றத்து மேடையில் வைத்தபோது எல்லோரையும்விட உரக்கக் கைதட்டினவன் ஆர்மாஸ். அதே பானையில்தான் இப்போது அவன் துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காபி கொதித்துக்கொண்டிருந்தது.

போன வாரம் தொழுவத்துக் கூரையிலிருந்து பனியைத் தள்ளிவிட்டு இறங்கினவன் படியில் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். சைமி சன்னலைத் திறந்து கத்தினாள்: "உட்கார்ந்தது போதும், கஞ்சி ஆறுது!" அவன் திரும்பவில்லை. இரண்டாம் தரம் கோபமாகவே கத்தினாள். அந்தக் கோபத்தை நினைத்தால்தான் இப்போது அவளுக்கு நெஞ்சு வேகிறது.

"சைமி, ஒரு நிமிஷம் இப்படி வா."

வில்யோ சாமான் அறை வாசலில் நின்றார். அழுது அழுது கண்கள் இரத்தமாகச் சிவந்திருந்தன.

"நர்ஸம்மா ஏதாச்சும் கேட்டா, அவனாத்தான் பரிசோதனைக்கு வரலைன்னே இருக்கட்டும்."

"அத்தான்…"

"அடுத்த வாரம் மறுபடி பரிசோதனை. பட்டணத்துலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. இந்த நேரம் பார்த்து இது வெளியே வந்தா ஊர் மானமே போயிடும். கிவிமாக்கிக்காரன் காறித் துப்புவான். செத்தவனுக்கு இதுல என்ன போச்சு, சொல்லு?" அவர் குரல் உடைந்தது. "அவன் என் தம்பி, சைமி. எனக்கு மட்டும் வலிக்காதா?"

"மறுபடி பரிசோதனையா? அப்ப மறுபடியும் யாரை வலை போட அனுப்பப் போறீங்க?"

வில்யோ தரையைப் பார்த்தார்.

"அதை அப்பப் பார்த்துக்கலாம்," என்றார்.

சைமி அவரைத் தாண்டிக் கூடத்துக்குள் போனாள். நீள மேசைகளில் ஊர் முழுக்கக் கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் தனக்கென்று விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தாள். ஹெல்வி எழுந்து வந்து அவள் முன்னால் குந்தி இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அவரு வரலைன்னு ரெண்டு தரம் வீட்டுக்கு வந்தேனே, சைமிம்மா. காட்டுக்குப் போயிருக்காருன்னு சொன்னீங்க. இரத்த அழுத்தத்தையாவது பார்த்திருந்தா மாத்திரை கொடுத்திருப்பேனே." அவள் பிடியை இறுக்கினாள். "நான் அன்னிக்குச் சிரிச்சதாலதான் வராம இருந்தாரா? அதை மட்டும் சொல்லிடுங்க."

பக்கத்து மேசையிலிருந்து வில்யோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மட்டுமா, எல்லோரும்தான். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த ஜனம். நாளைக்கும் இவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். சைமி தன் கைகளை விடுவித்துக்கொண்டாள்.

"காபி ஆறிடும். குடிங்க," என்றாள்.

ஹெல்வி தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கதவோரம் உட்கார்ந்தாள். கோப்பையைத் தொடவில்லை.

இரங்கல் அட்டைகளில் எழுதியிருந்த வரிகளை ஒவ்வொருவராக எழுந்து வாசித்தார்கள். கடைசியில் போதகர் எழுந்தார். ஊருக்குப் புதியவர், நல்ல மனுஷர், கேள்விப்பட்டதைத்தான் பேசினார்.

"சகோதரர் ஆர்மாஸ் கடும் உழைப்பாளி. யார் கூப்பிட்டாலும் ஓடி வருகிறவர். ஆனால் கொஞ்சம் பிடிவாதக்காரர். உதவி செய்ய வந்த கை வாசல் வரை வந்தும் அவர் பிடித்துக்கொள்ளவில்லை. மற்ற ஆண்களுக்கு இது ஒரு எச்சரிக்கையாக இருக்கட்டும்."

கரண்டிச் சத்தம் நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. இந்தக் கூடத்தில் இருப்பவர்களில் எத்தனை பேரின் அப்பனுக்கும் தாய்க்கும் அவன் குழி வெட்டியிருக்கிறான்! ஒருத்தராவது எழுந்து இல்லை என்று சொல்வார்கள் என்று சைமி காத்திருந்தாள். வில்யோ மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். போதகர் உட்காரப் போனார்.

சைமி எழுந்தாள்.

"போதகரே, மன்னிச்சுக்குங்க. ஆர்மாஸ் பிடிவாதக்காரன் இல்ல."

"சைமி," என்றார் வில்யோ, மெதுவாக.

"போகச் சொன்னோம், போனான். அவன் கணக்கும் சேர்ந்தா கிவிமாக்கிகிட்டத் தோத்துடுவோம்னு அவனை வலை போட அனுப்பினோம். நான்தான் காபி ஊத்திக் கொடுத்தேன். இங்க எல்லாரும் சன்னல் வழியா அவன் படகைப் பார்த்துக்கிட்டுத்தான் நின்னோம்." கதவோரம் திரும்பினாள். "நர்ஸம்மா, நீங்க வந்தப்பல்லாம் அவன் காட்டுல இல்ல. தொழுவத்துல இருந்தான். பொய் சொன்னது நான். நீங்க சிரிச்சதால இல்லம்மா. அதை மனசுல வச்சுக்காதீங்க."

இன்னும் ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. வரவில்லை. ஐயோ, அவன் எவ்வளவு நல்லவன் என்று ஓங்கிக் கத்த வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

ஹெல்வி எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. திட்டுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் திட்டவில்லை.

"வேற யாரு?" என்றாள்.

கூடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள்.

"அன்னிக்கு வேற யாரெல்லாம் வரலை? உங்களைக் குத்தம் சொல்லக் கேக்கலை. உசிரோட இருக்கிறவங்களைத்தான் கேக்கிறேன்."

"நர்ஸம்மா, இது அதுக்கு நேரமில்ல," என்று வில்யோ எழுந்தார். "துக்கத்துக்கு வந்த இடத்துல…"

சமையலறையிலிருந்து ரௌனி வந்தாள். கையிலிருந்த காபிக் குடுவையை மேசையில் வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். கணவருக்குப் பின்னால் வந்து நின்று தோளில் கையை வைத்து அழுத்தினாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"இவரு," என்றாள் ரௌனி. "அன்னிக்கு முழுக்க எல்லாருக்கும் நாற்காலி தூக்கிப் போட்டாரு, வரிசையை ஒழுங்குபடுத்தினாரு. ஊசி குத்திக்க ஒரு நாற்காலியில கூட அவரு உட்காரலை."

"ஏய், ரௌனி…"

"வாயை மூடுங்க. என்னால சைமி மாதிரி புருஷனை மண்ணுல வச்சிட்டு இருக்க முடியாது. எனக்கு அவ்வளவு தைரியம் இல்ல."

வில்யோ இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ரௌனி கையை எடுக்கவில்லை.

கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. கடைக்காரரின் மனைவி எழுந்து, ஒன்றும் பேசாமல் கணவர் தோளில் கையை வைத்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பள்ளிக்கூடத்துச் சமையல்காரி எழுந்தாள். பிறகு பின்வரிசையில் ஒருத்தி, தன் மூத்த மகனின் தோளில் கையை வைத்தாள். ஆர்மாஸ் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தாள் சைமி. ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் எழுந்துகொண்டே இருந்தார்கள். ஹெல்வி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றாள், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல்.

சைமியின் கையும் தானாக எழுந்து வலப்பக்கம் போயிற்று. அங்கே யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருந்தாள். பிறகு கீழே இறக்கி, மேசைவிரிப்பில் சிந்திக் கிடந்த ரொட்டித் துகள்களைக் கூட்டிச் சேர்க்க ஆரம்பித்தாள்.