நன்னடத்தைக் கடிதம்

வெளிநாட்டில், பிளாக்ஹவுஸ் பே என்ற புறநகரில் மகளோடு வசித்த தர்மகுலம், விசாவுக்கு நன்னடத்தைக் கடிதம் கேட்டுப் பக்கத்து வீட்டு வாசுகியிடம் வந்தார். எண்பத்தாறில் யாழ்ப்பாணத்தில் அவளது அண்ணனை மின்கம்பத்தில் கட்டி, துரோகி என்று மரணதண்டனையை வாசித்துச் சுட்டவர் அவர். அன்று கூட்டத்தில் நின்று கேட்ட அந்தக் குரலை வைத்தே, அவர் பக்கத்து வீட்டுக்கு வந்த முதல்நாளே வாசுகி அவரை அடையாளம் கண்டிருந்தாள்.

“தபால்கார ரவீந்திரனை நினைவிருக்கோ? நான் அவன்ர தங்கச்சி.”

அவர் வெளிறிப்போனார். “அது சண்டைக்காலம், பிள்ளை. இயக்க மேலிடம் சொன்னதைத்தான் செய்தனான்.”

“அண்ணா என்ன பிழை செய்தவன்?”

அவர் யோசித்தார். “உண்மையா ஞாபகமில்லை.”

வாசுகி அவர் கண்முன்னேயே கடிதம் எழுதினாள். அண்ணனின் பெயர், கொன்ற நாள், கொன்றவரின் பெயர் எல்லாவற்றையும் எழுதினாள். அவர் கும்பிட்டுக் கெஞ்சியும் குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

விசா மறுக்கப்பட்டது. அவர் விமானநிலையத்துக்குப் புறப்பட்ட காலையில் வாசுகி வாசலில் நின்றாள். அவர் தன்னைப் பார்க்கவேண்டும் என்றுதான் நின்றாள்.