ஐஸ் தண்ணீரில் இரண்டு பாட்டில்

மாப்பிள்ளை கத்தரிக்குத் தர வேண்டிய பாக்கி நாற்பத்தோராயிரத்து அறுநூறு. ஆல்பம் ஒன்றுக்கு இரண்டாயிரத்து அறுநூறு வீதம் பதினாறு ஆல்பம். பல் தேய்க்கும்போதுகூடக் கத்தரியின் வாய்க்குள் அந்தத் தொகைதான் ஓடியது.

கத்தரி என்பது பட்டப்பெயர். மாப்பிள்ளை எடுத்துவரும் கல்யாணப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, பருவை அழித்து, தொப்பையைக் கரைத்து, கொட்டாவி விட்ட மாமனாரைச் சிரிக்க வைத்து ஆல்பமாக்கித் தருவது அவன் பிழைப்பு. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் இரண்டும் அடுப்பங்கரையில் வேலை செய்தவன் கண் மாதிரி சிவந்து கிடக்கும். மாப்பிள்ளை அவனுடைய தங்கச்சி புருஷன். வெளியாளாக இருந்தால் எப்போதோ சட்டையைப் பிடித்திருப்பான். தங்கச்சியைக் கட்டியவன் சட்டையைப் பிடித்தால் கிழிகிற துணியைத் தைப்பவளும் தங்கச்சிதான்.

பாக்கி வைத்ததைக்கூடக் கத்தரி பொறுத்துக்கொண்டான். பாக்கியை வைத்துக்கொண்டே மாப்பிள்ளைக்குப் புத்தி மாறியதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் எங்கிருந்தோ ஒரு பழைய ஃபிலிம் காமிராவைத் தூக்கிக்கொண்டு வந்தான் மாப்பிள்ளை. அன்றோடு டிஜிட்டல் காமிரா பீரோவுக்குள் போனது.

"ரெண்டாயிரம் படத்தைச் சுட்டுத் தள்ளிட்டு அதுல நூறு பொறுக்குறது ஒரு தொழிலா மச்சான்? ஒரு ரோலுக்கு முப்பத்தாறுதான். யோசிச்சு அமுக்கணும்."

"நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள பொண்ணுக்குப் புள்ளையே பொறந்துடும் மாப்ள."

"பொறக்கட்டும். அதையும் ஃபிலிம்லயே எடுக்கிறேன். உங்க அழிரப்பர் வேலையெல்லாம் இனி வேணாம். மூஞ்சியில பரு இருந்தா பரு இருக்கட்டும்."

பரு இருக்கட்டும் என்றால் கத்தரிக்கு வேலை இல்லை என்று அர்த்தம். அதை மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பு கத்தரியின் நெஞ்சில் மீன் முள் மாதிரி நின்றுவிட்டது.

எடுத்த ஃபிலிமைக் கழுவுவதும் வீட்டிலேயேதான். அந்த வீட்டில் இருப்பது ஒரே குளியலறை. அதன் ஜன்னலில் கறுப்புத் துணி ஆணியடித்துத் தொங்கியது. பிரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் ஃபிலிம் டப்பா. குளிக்கிற வாளியில் மருந்து நாற்றம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் துணி அலசிவிட்டு வரும் தங்கச்சி, தன் வீட்டுக் குளியலறைக்கு வெளியே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காத்து நிற்பாள்.

இப்படி இருக்கையில் ஒரு பல் டாக்டரம்மா மாட்டினாள். தன் கல்யாணத்தை ஃபிலிமில் மட்டும்தான் எடுக்க வேண்டும் என்றாள். பேசிய கூலி அறுபதாயிரம். முன்பணம் இருபதாயிரம் கைக்கு வந்த வேகத்தில் ஃபிலிமுக்கும் மருந்துக்கும் போய்விட்டது. மீதி நாற்பதாயிரம், படத்தைக் கையில் கொடுத்ததும்.

"அந்த நாப்பதும் அப்படியே உங்களுக்குத்தான் மச்சான். மேல உள்ள ஆயிரத்து அறுநூறு அடுத்த மாசம். சத்தியமா."

கத்தரிக்கு அது இப்போதே வேண்டும். இருக்கிற அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார் வீட்டு ஓனர். புது அறைக்குத் திங்கட்கிழமை முன்பணம் கட்டாவிட்டால், கம்ப்யூட்டரைத் தலையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மாப்பிள்ளை வீட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டான், ஜப்திக்கு வந்தவன் மாதிரி.

"மேற்பார்வைக்கு வந்தீங்களா மச்சான்?"

"காவலுக்கு."

"நாய்க்குச் சோறு போடணுமே. அவகிட்டச் சொல்லட்டுமா?"

"பாக்கியைப் போடுங்க, போதும்."

தங்கச்சி அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மொத்தம் ஐந்து ரோல். கழுவுகிற டேங்கில் ஒரு நேரத்தில் இரண்டுதான் போகும். மோதிரம் மாற்றியது, கையெழுத்துப் போட்டது, டாக்டரம்மா அவளுடைய அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதது எல்லாம் முதல் இரண்டு ரோலில் இருந்தன. மாப்பிள்ளை அவற்றை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனான். கதவிடுக்கில் துண்டைத் திணித்தான். கும்மிருட்டில் விரல் தடவலிலேயே ஃபிலிமைச் சக்கரத்தில் சுற்றி டேங்குக்குள் இறக்கி மூட வேண்டும். அதற்கப்புறம் வெளிச்சத்துக்கு வரலாம்.

உள்ளிருந்து அதிகாரம் வந்தது. "மச்சான், மேசை மேல ரெண்டு பாட்டில் இருக்கு. ஐஸ் தண்ணியில வைங்க. சூடு இருபது டிகிரிக்கு இறங்கணும்."

"எவ்வளவு நேரம் வைக்க?"

"வைங்கன்னா வைங்க. பேச்சுக் குடுக்காதீங்க, கை தடுமாறுது. உங்களுக்கு என்ன தெரியும் இதைப் பத்தி!"

கத்தரி பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பாட்டிலையும் ஐஸ் போட்ட வாளியில் முக்கினான். இரண்டும் ஒரே மாதிரிப் பழுப்புப் பாட்டில்கள். படத்தை வரவைக்கிற மருந்தில் டெவலப்பர், வந்த படத்தை நிற்க வைக்கிற மருந்தில் ஃபிக்சர் என்று மாப்பிள்ளை காகிதத்தில் எழுதிக் கோந்து தடவி ஒட்டியிருந்தான். அந்த நேரம் வீட்டு ஓனர் போனில் கூப்பிட்டார். கத்தரி ஜன்னல் பக்கம் போய், நாளைக்கு, நாளைக்கு என்று பத்துத் தடவை சொல்லிவிட்டுத் திரும்பி வந்தபோது இரண்டு காகிதமும் உரிந்து தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன.

கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், 'இதுகூடத் தெரியலையா' என்று வரும். அந்தப் பேச்சை இன்னொரு தடவை வாங்க அவன் தயாராக இல்லை. இரண்டு பாட்டிலையும் திறந்து முகர்ந்தான். வீடே நாறிய நாற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. இதுதான் அது, அதுதான் இது என்று மனதுக்குப் பட்டபடி காகிதத்தை ஒட்டி, துடைத்து, மேசையில் வைத்தான். பதினாறு ஆல்பத்தில் ஆயிரம் முகத்தை இடம் மாற்றி ஒட்டியவனுக்கு இரண்டு துண்டுக் காகிதம் பெரிய காரியமா?

மாப்பிள்ளை டேங்கோடு வெளியே வந்தான். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. டெவலப்பர் என்று ஒட்டியிருந்ததை ஊற்றி, நிமிடத்துக்கு ஒரு தடவை டேங்கைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினான். தண்ணீர் விட்டு அலசி அடுத்ததை ஊற்றினான். குழந்தையைத் தாலாட்டுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்கக் கத்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூடியைத் திறந்து சக்கரத்திலிருந்து ஃபிலிமை உருவினான்.

கண்ணாடி மாதிரி இருந்தது. ஆள் இல்லை, நிழல் இல்லை, புள்ளிகூட இல்லை. அதன் வழியே எதிர்ச் சுவரின் காலண்டர் தெரிந்தது.

மாப்பிள்ளை அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனான். இரண்டாவதும் அப்படியே. "காமிரா சரியா ஓடலைன்னாலும் ஃபிலிம் ஓரத்துல கம்பெனிக்காரன் போட்ட நம்பர் தெரியணும்," என்று தனக்குத்தானே முணுமுணுத்தான். "நம்பரும் இல்ல. ஃபிக்சரை முதல்ல ஊத்தியிருக்கேன். படம் வர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் கழுவித் தின்னுடுச்சு."

கத்தரி ஐஸ் வாளியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினான்.

மாப்பிள்ளை நேரே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான். போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் குரலை வெளியே விட்டான். தங்கச்சி ஈரக்கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"என்ன சொல்றீங்க? எங்கப்பாவைக் கட்டிப்பிடிச்சு அழுதது இல்லையா? மோதிரம் இல்லையா?"

"இல்ல டாக்டர். தப்பு என்னோடது. மருந்து மாத்தி ஊத்திட்டேன். மிச்சம் மூணு ரோல் இருக்கு."

"அந்த மூணுல என்ன இருக்கு? கூட்டம் சாப்பிடுறதா? நீங்களே வச்சு மாலை போடுங்க. என் இருபதாயிரம் இந்த மாசத்துக்குள்ள வரணும். நீங்கெல்லாம் எதுக்குய்யா காமிராவைத் தூக்குறீங்க?"

"சரிங்க டாக்டர்."

"என்ன சரி? மரமா நீங்க?"

"தப்பு என்னோடதுங்க."

போன் வெட்டப்பட்டது. திட்டினால் திருப்பித் திட்டுகிறவன் மாப்பிள்ளை; கத்தரி அதைப் பார்த்திருக்கிறான். இன்று கல் சுமந்து இறக்கியவன் மாதிரி தரையில் உட்கார்ந்தான்.

"நீங்க சொன்னதுதான் சரி மச்சான்," என்றான். "என் கை இதுக்கு ஆகாது. நாளைக்கே அந்தக் காமிராவை வித்துடறேன். டிஜிட்டலுக்கே வந்துடறேன். உங்களுக்கும் மாசம் நாலு ஆல்பம் வரும். பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமா முழுசாத் தீர்த்துடறேன்."

தங்கச்சி பெருமூச்சு விட்டாள். அவளுக்குக் குளியலறை திரும்பக் கிடைக்கப் போகிறது. கத்தரிக்கு வேலை, பாக்கி இரண்டும் திரும்பக் கிடைக்கப் போகின்றன. ஆறு மாதமாக எதைக் கேட்டுத் தொண்டை கிழியக் கத்தினானோ அது தட்டில் வைத்து வந்திருக்கிறது. சும்மா இருந்தால் போதும்.

சும்மா இருக்கத்தான் பார்த்தான். ஆனால் மாப்பிள்ளையின் அந்த முகம். செய்யாத தப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மகான் மாதிரி உட்கார்ந்திருக்கிற முகம். நாற்பத்தோராயிரத்து அறுநூறு பாக்கி வைத்தவன் ஒரே பகலில் நல்லவனாகிவிட்டான். இனி காலத்துக்கும் தங்கச்சி அந்த முகத்தைத்தான் சொல்லிக் காட்டுவாள், 'எங்க வீட்டுக்காரர் பழியை யார் மேலயும் போட மாட்டார்' என்று. கத்தரிக்கு அது தாங்கவில்லை.

"யோவ், எந்திரி. ரொம்ப நடிக்காத. பாட்டில்ல பேப்பர் உரிஞ்சு போச்சு. நான்தான் மாத்தி ஒட்டிட்டேன்."

மாப்பிள்ளை எழுந்தான். மகான் முகம் கழன்று பழைய முகம் வந்தது.

"ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"கேட்டா நீ என்ன சொல்லியிருப்பன்னு எனக்குத் தெரியாதா?"

"வேணும்னே செஞ்சிருக்கீங்க!"

"வேணும்னே என் காசை நானே சாக்கடையில போடுவேனா? எனக்கென்ன கிறுக்கா?"

"அந்தச் சந்தேகம் எனக்கு ரொம்ப நாளா இருக்கு."

கத்தரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். இரண்டு பேரும் மூக்குக்கு மூக்கு நின்றார்கள். அடி விழும் என்றுதான் தங்கச்சி நினைத்தாள். ஆனால் மாப்பிள்ளை விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தான்.

"வரவேண்டிய நாப்பது போச்சு. வாங்கின இருபதைத் திருப்பித் தரணும். ஆக அறுபது. அதுல உங்க பாக்கி நாப்பத்தொண்ணு அறுநூறைக் கழிச்சா, நீங்க எனக்குப் பதினெட்டாயிரத்து நானூறு தரணும் மச்சான். எப்ப தர்றீங்க?"

"என்னது? நான் தரணுமா? என் தலையில மிளகாய் அரைக்கிறியா?"

"அரைக்கலை. கணக்கு சொல்றேன்."

"பேப்பர்ல கோந்து தடவினது யாரு? தண்ணியில வைக்கிற பாட்டில்ல கோந்து தடவுற அறிவாளி யாரு?"

"ஒட்டினது யாரு?"

"வாயை மூடச் சொன்னது யாரு?"

தங்கச்சி கையிலிருந்த கரண்டியை மேசையில் ஓங்கி அடித்தாள். காலிப் பாட்டில் ஒன்று உருண்டு போய்ச் சுவரில் முட்டியது.

"போதும். அண்ணே, நீங்க நாப்பத்தொண்ணு கேட்டீங்கன்னா நான் இவர் பக்கம். ஏங்க, நீங்க பதினெட்டு கேட்டீங்கன்னா நான் எங்க அண்ணன் பக்கம். டாக்டரம்மாவோட இருபதை என் சம்பளத்துல நான் கட்டித் தொலைக்கிறேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இனி ஒரு காசு கிடையாது. அவ்வளவுதான். நான் குளிக்கணும்."

"திங்கக்கிழமை நான் ரூமுக்கு என்ன பண்ணுவேன்?" என்றான் கத்தரி.

"எனக்குத் தெரியாதுண்ணே. இங்க வந்து படுக்கலாம்னு மட்டும் நினைச்சுடாதீங்க. இந்த ரெண்டு ஆம்பளைங்களை ஒரே வீட்டுல வச்சுப் பார்க்க எனக்குத் தெம்பில்ல."

மாப்பிள்ளை பிரிட்ஜைத் திறந்தான். மூன்றாவது ரோலை எடுத்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமலே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். உள்ளே துண்டு திணிக்கப்படும் சத்தம் கேட்டது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னுமா? யாருக்கய்யா அது? அவங்கதான் வேணாம்னுட்டாங்களே!"

"எனக்கு," என்றது கதவு. "என் கை சரியாத்தான் இருக்குன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல."

கத்தரி செருப்பை மாட்டிக்கொண்டான். இதற்காகவா வாய் திறந்தோம் என்று இருந்தது. வாசலில் நின்று மூடிய கதவைப் பார்த்து உரக்கச் சொன்னான்.

"போகட்டும் மாப்ள. நாப்பத்தோராயிரத்து அறுநூறை விட்டுட்டேன்."

"விட்டுட்டேன்னு நீங்க சொல்லக்கூடாது," என்று இருட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "பிச்சை போட்ட மாதிரி இருக்கு. தீர்ந்துச்சுன்னு சொல்லுங்க."

கத்தரி படியில் காலை வைத்தான். தங்கச்சி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தீர்ந்துச்சு," என்றான்.